ஒன்பது சப்பான்களுக்குள் ஒரு பாடகர்

பாடகர் சாமுதினைக் கெரெஸ் இதற்கு முன் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறாள். ஒரு முறைகூட அவர் பாடிக் கேட்டதில்லை. எங்கள் கிர்கிஸ் மண்ணில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பாடகரைப் பார்ப்பது ஒன்று, அவர் பாடக் கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பது பேராசை.

முதல் முறை பார்த்தது நரின் நகரத்தில், ஒரு சிமெண்ட் வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில். சாமுதின் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உருகினார். பாட்டு பின்னாலிருந்த பெட்டியிலிருந்து வந்தது. நடுவில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மினார், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார், அதை மடித்துப் பையில் வைத்தார். அதுவரை பாட்டு ஒரு சுரம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டார் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது முறை சுதந்திர தின விழாவில், ஸ்டேடியத்தில். அங்கே ரெக்கார்டு ஒரே வரியில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. சாமுதினும் சளைக்காமல் அந்த வரிக்கே திரும்பத் திரும்ப வாயசைத்தார். இது ஏதோ புதுப் பாணி போலிருக்கிறது என்று ஜனங்கள் கை தட்டினார்கள்.

இரண்டு முறையும் வீடு திரும்பும் வழியெல்லாம் கெரெஸுக்கு அழுகை முட்டியது. சாரிபுலாக் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் நாற்பத்தைந்து வயதுப் பெண், பாடகர் பாடவில்லை என்று அழுதால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அவளுக்கு அந்த மனிதரின் பாட்டு விளையாட்டு விஷயம் இல்லை. சாமுதின் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடுகிறவர் அல்ல. தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, மூன்று நரம்புக் கோமுஸைத் தானே மீட்டிப் பாடுகிறவர். கெரெஸின் கணவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது வீட்டிலிருந்த டிவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். ரஷ்யாவில் டிவி கிடைக்காது போலிருக்கிறது. சாமுதினின் கேசட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். பிறகு திரும்பி வரவில்லை. யோசித்துப் பார்த்தால் பேரம் தனக்குத்தான் லாபம் என்று கெரெஸ் இப்போது சொல்வாள். அப்போது சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு பேசிய ஒரே குரல் அந்தக் கேசட்டில் இருந்ததுதான்.

அதில் 'கடைசி பஸ்' என்று ஒரு பாட்டு. ஒருத்தி ஏறிப் போய்விடுகிறாள், ஒருவன் நின்றுவிடுகிறான், பனி பெய்கிறது, அவ்வளவுதான். பிரிவைப் பற்றி இதைவிட மனதைப் பிசைகிற பாட்டு எங்கள் மொழியில் கிடையாது. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் ஆட்டம் ஆடுவதற்கு அதைத்தான் போடுவார்கள்.

கெரெஸுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் உண்மையில் ஒரு மனிதத் தொண்டையிலிருந்துதான் வருகிறதா என்று ஒரு தடவையாவது தன் காதால் கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு தடவையும் கைநழுவும் நிலைமைக்கு வந்திருந்தது. அறுபது வயதோடு மேடைக்கு முழுக்குப் போடப் போவதாக சாமுதினே சொல்லிவிட்டார். கடைசி நிகழ்ச்சி பிறந்த மண்ணில், அதாவது எங்கள் சாரிபுலாக்கில். ஊரெல்லாம் சுவரொட்டி: 'சாமுதின் அறுபது! மாபெரும் இசை விழா! உயிருள்ள குரல்!' அப்படியானால் இத்தனை நாள் கேட்டது செத்த குரலா என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிக்கெட் என்று ஒன்றை யாரும் அச்சடிக்கவே இல்லை. பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தால் அதிகாரிகள் எங்கே உட்காருவது? இருக்கைகளை அலுவலகம் அலுவலகமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது நாலு. தலைமையாசிரியை பாத்மாகான் ஷார்ஷேனோவ்னாவுக்கு ஒன்று, அவருடைய தங்கைக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. நாலாவதைப் பற்றிப் பேச அவர் கெரெஸை அறைக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியையைப் பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் பிழைத்ததில்லை.

"கெரெஸ், நாலாவது சீட்டு உனக்கு. ஆனா சும்மா உக்காந்து கேட்டுட்டு வர்றதுக்கு இல்ல. பள்ளிக்கூடம் சார்பா நீதான் மேடையேறி சப்பான் போர்த்தணும். எனக்கு முழங்கால் சரியில்ல." எங்கள் ஊரில் மரியாதை செய்ய வேண்டிய மனிதருக்குப் போர்த்துகிற, கை வைத்த நீள அங்கிதான் சப்பான்.

"போர்த்திடறேன், பாத்மாகான் ஷார்ஷேனோவ்னா."

"வாழ்த்துரை ரெண்டு பக்கம். நானே எழுதியிருக்கேன், எதுகை மோனையெல்லாம் இருக்கு. ஒரு வரி விடாம படிக்கணும்."

"ஒவ்வொருத்தரும் ரெண்டு பக்கம் படிச்சா அவரு எப்பப் பாடுவாரு?"

"பாட்டு எங்க ஓடிப்போகுது? முதல்ல மரியாதை."

வெளியே வந்ததும், கதவோரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரசாயன ஆசிரியை ஊல்ஜான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் கல்லூரியிலிருந்தே தோழிகள். ஊல்ஜானின் கணவர் கால்நடை மருத்துவர் என்பதால் அவளுக்கு மாட்டு டாக்டர்கள் கணக்கில் ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது.

"முழங்காலாம் முழங்கால்! போன வாரம் சந்தையில ஆட்டுக்குட்டிய விரட்டிப் புடிச்சாங்க, நானே பார்த்தேன். கலெக்டர் பொண்டாட்டி பக்கத்துல சீட்டு. எந்திரிச்சா வேற எவளாவது உக்காந்துடுவா, அந்த வலிதான்."

"எனக்கு என்னடி, நான் அவரு பாடறதக் கேட்டாப் போதும்."

"கேப்ப, கேப்ப. அங்க பேசறவங்களத்தான் கேப்ப."

விழா நாளன்று கலாசார மன்றத்துக் கணப்பில் அனல் பறந்தது. குளிர்காலம் முழுக்கக் கோட்டைக் கழற்ற முடியாத மண்டபம் அது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் மட்டும் நிலக்கரி எங்கிருந்தோ முளைத்துவிடும். மேடை நடுவே கம்பளம் விரித்த நாற்காலியில் சாமுதினை உட்கார வைத்திருந்தார்கள். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை, மடியில் கோமுஸ். அவரைப் பார்த்த மாத்திரத்தில் கெரெஸ் அவருக்குப் பின்னால் கண்ணால் துழாவினாள். பெட்டி இல்லை, வயர் இல்லை, வெறும் மனிதரும் மரக்கட்டையும் மூன்று நரம்பும்தான்.

மன்றத்தின் மேலாளர் ரிஸ்பெக்தான் விழாத் தொகுப்பாளர். வாய்க்கு ஓய்வு கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர். அவர் மைக்கை எடுத்ததும் முதல் காரியமாக சாமுதினின் மடியிலிருந்த கோமுஸை வாங்கிப் பத்திரமாகத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். நடுவில் யாராவது தட்டிவிட்டால் என்ன ஆவது?

"இன்னிக்கு நம்ம பாய்கேவுக்குப் போர்த்தற சப்பான் எதையும் கடைசி வரைக்கும் கழட்டப்போறதில்லேன்னு விழாக் குழு முடிவு பண்ணியிருக்கு. மரியாதைன்னா மரியாதை!" என்று அவர் அறிவித்தார். பாய்கே என்றால் அண்ணன். தொண்ணூறு வயதுக் கிழவி உட்பட ஊரே சாமுதினை அப்படித்தான் கூப்பிடும்.

இந்த முடிவுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. போன வருடம் ஒரு மல்யுத்த வீரரின் பாராட்டு விழாவில், ஒரு சப்பான் போர்த்தியதும் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் போர்த்தினார்கள். உலகமெங்கும் அறிவுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மாட்டு டாக்டர்கள் தங்கள் வெல்வெட் சப்பான் ஒரு நிமிடம்கூட அவர் தோளில் தங்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, விருந்தில் கை நனைக்காமல் போய்விட்டார்கள். அதன்பிறகு மூன்று மாதம் அந்த மல்யுத்த வீரரின் மாடுகளுக்கு ஊசி போட ஆள் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அப்படி ஒரு பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று விழாக் குழு இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி இது.

முதலில் கலெக்டர் வந்தார். சாமுதினின் பாட்டுகளை அவர் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவராம். சொன்னதோடு நில்லாமல் ஒரு பாட்டின் பெயரையும் சொன்னார். அது வேறு ஒருவர் எழுதியது. சாமுதின் எழுந்து நன்றி சொன்னார். கணுக்கால் வரை தொங்கும் நீல வெல்வெட் சப்பானைப் போர்த்தி, கையை இரண்டு பக்கமும் நுழைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மாட்டு டாக்டர்கள், தடித்த கம்பளிச் சப்பானோடு. பிறகு மல்யுத்தச் சங்கம். நடுநடுவே 'இசை விழா' என்ற பெயரைக் காப்பாற்ற சாமுதினின் பாட்டுகளை சாமுதினுக்கே மற்றவர்கள் பாடிக் காட்டினார்கள். போலீஸ் பாடகர் குழு 'கடைசி பஸ்'ஸை எடுத்துக்கொண்டு, அந்த பஸ்ஸை மடக்கி லைசென்ஸ் கேட்பதுபோல ஒரு குரலில் பாடி முடித்தது.

ஒடிசலான மனிதர் ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் ஒரு சுற்றுப் பெருத்தார். வங்கிக்காரர்கள் வந்துபோனபோது அவருடைய கழுத்து காணாமல் போயிருந்தது. பக்கத்து மாவட்டக்காரர்கள் வந்து போனபோது அவரால் உட்கார முடியவில்லை, நாற்காலிக் கைப்பிடிகளுக்கு நடுவே அவர் நுழையவில்லை. அப்படியே நிற்க வைத்துவிட்டார்கள். நெற்றியிலிருந்து வேர்வை மீசைக்கு வழிந்து சொட்டியது. ரிஸ்பெக் அதை ஆனந்தக் கண்ணீர் என்று மைக்கில் சொன்னார்.

"பாவம்டி, அந்த மனுஷன உரிக்க ஒரு வாரம் ஆகும்" என்று பின்வரிசையிலிருந்து ஊல்ஜான் கிசுகிசுத்தாள்.

"இவங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா? அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷத்துல எறங்கத் தெரியாதா? தண்ணி இலாகாக்காரன் அவங்க தாத்தா கதையெல்லாம் சொல்லிட்டிருக்கான் பாரு!" என்று பொருமினாள் கெரெஸ்.

"நீ என்ன பண்ணப்போற?"

"ரெண்டே வார்த்தை. வாழ்த்துகள், பாடுங்க. பாத்மாகான் ஷார்ஷேனோவ்னாவோட கவிதைய சட்டைக் கைக்குள்ள மடிச்சு வெச்சிட்டேன், வெளிய எடுக்கவே போறதில்ல."

பள்ளிக்கூடம்தான் கடைசி. கெரெஸ் சப்பானைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறினாள். மேடையில் சாமுதின் அவளுக்கு எதிரே ஓர் எட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. களைத்துப்போன, கொஞ்சம் குறும்பான கண். ரிஸ்பெக் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"பாய்கே, வாழ்த்துகள். நான் அதிகம் பேசப்போறதில்ல" என்றாள் கெரெஸ்.

அன்று மேடையேறிய எல்லோரும் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்திருந்தார்கள்.

"உங்கள நான் இதுக்கு முன்ன ரெண்டு தடவ பார்த்திருக்கேன். ஒரு தடவ நீங்க தும்முனீங்க, ஆனா பாட்டு நிக்கல."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சாமுதினும் எட்டுச் சப்பான்களுக்குள் குலுங்கினார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. நாற்பது பிள்ளைகளைத் தினமும் உட்கார வைத்துப் பேசுகிறவளுக்கு, ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் காது கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஸ்டேடியத்தில் ரெக்கார்டு மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். அங்கிருந்து கேசட்டுக்குப் போனாள். கேசட்டிலிருந்து கணவருக்கு, கணவரிலிருந்து டிவிக்கு. "டிவி போனது நல்லதாப் போச்சு பாய்கே, சத்தம் கொறஞ்சு உங்க குரல் தெளிவாக் கேட்டுச்சு" என்றபோது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. உடனே அவளும் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். மறுபடி தொடர்ந்தாள். அந்தக் குளிர்காலத்தில் குழாய் உறைந்தது, அடுப்பு புகைந்தது, நாடா அறுந்த கேசட்டைத் தையல் ஊசியால் கோத்து நகப்பூச்சால் ஒட்டியது, எதையும் விடவில்லை. ரிஸ்பெக் திரையோரம் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

தண்ணீர் இலாகாக்காரரைவிட அவள் அதிக நேரம் பேசிவிட்டாள் என்பதைப் பின்னால் ஊல்ஜான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். மேடையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபத்துக்குள் மெல்ல நுழைந்த கறிக்குழம்பு வாசனைதான். அப்போதுதான் திடுக்கிட்டு நிறுத்தினாள். சப்பானை விரித்தாள். சாமுதினின் கை எதற்குள்ளும் நுழையவில்லை. இரண்டு மல்யுத்த வீரர்கள் வந்து முக்கித் திணித்தார்கள்.

ரிஸ்பெக் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "அன்பர்களே, ஒரு நல்ல சேதி. கறி வெந்துடுச்சு!"

அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் இதற்குத்தான்.

"போறதுக்கு முன்னாடி நம்ம பாய்கே நமக்காக ஒரே ஒரு பாட்டுப் பாடுவாரு!"

கோமுஸ் வந்தது. சாமுதின் அதை வாங்கப் பார்த்தார். கை மடங்கவில்லை. ஒன்பது சப்பானின் கைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டு தோளிலும் இரண்டு உருட்டுக் கட்டையைக் கட்டியதுபோல நின்றன. இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார். கோமுஸ் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் தொங்கியது. மண்டபம் பாசத்தோடு சிரித்தது. யாருக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன செய்வது? எதைக் கழற்றுவது, யாருடையதைக் கழற்றுவது? போர்த்தியவர்கள் எல்லோரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ரிஸ்பெக் அனுபவசாலி. "கஷ்டப்படாதீங்க பாய்கே! பென் டிரைவ் கையிலயே இருக்கு. 'கடைசி பஸ்' போட்டுடறோம். நின்ன வாக்குல வாய அசைச்சாப் போதும்."

சாமுதின் சரியென்று தலையாட்டினார். எத்தனையோ வருடப் பழக்கம்.

கெரெஸ் மேடைப் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரிஸ்பெக் மேல் கோபம், சாமுதின் மேல் அதைவிடக் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் நாக்கின் மேல் கோபம். ஊரையெல்லாம் திட்டிவிட்டு வந்து அவருடைய நேரத்தைத் தின்றது யார்? மேலே கிடப்பது யாருடைய சப்பான்? இது மூன்றாவது தடவை, நாலாவது கிடையாது. அவள் திரும்பி வந்தாள்.

"பாய்கே, கைய நீட்டுங்க."

"இந்தாம்மா, என்ன பண்றீங்க?" ரிஸ்பெக் பதறினார். "போர்த்துனத கழட்டக் கூடாது!"

"என்னோடத நான் கழட்டறேன். யாரு கேக்க முடியும்?"

முன்வரிசையில் பாத்மாகான் ஷார்ஷேனோவ்னா எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் ஒன்றும் வலித்ததாகத் தெரியவில்லை. கெரெஸ் அந்தப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்கூடத்துச் சப்பானை உருவினாள். கீழே தண்ணீர் இலாகா. அவள் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அவங்கவங்க வந்து அவங்கவங்களோடத எடுத்துக்குங்க. மனுஷன் பாடட்டும்."

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் கலெக்டரைப் பார்த்தார்கள். கலெக்டர் போனைப் பார்த்தார்.

தண்ணீர் இலாகாவின் சப்பானில் கை வைத்தபோது கெரெஸுக்கு வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. நாளைக்கு அதில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது? வங்கிச் சப்பானைத் தொட்டபோது வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. மாட்டு டாக்டர்களுடையதைத் தொட்டபோது பசுமாடு ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்த மாதம் கன்று போடுகிற நேரம். ஒவ்வொரு சப்பானும் ஒவ்வொரு கதவு. ஒவ்வொன்றாகத் தனக்கே சாத்திக்கொண்டு வந்தாள். உருவியதையெல்லாம் தரையில் போடவும் மனம் வரவில்லை, அது இன்னும் பெரிய அவமானம். இடக்கையில் அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் கலெக்டரின் நீல வெல்வெட் மட்டும் மிஞ்சியது. அதை விட்டுவிட்டாள். அவ்வளவு பெரிய வீராங்கனை இல்லை அவள். அதோடு, ஒரு சப்பானோடு கை மடங்கும்.

சாமுதின் ஆழமாக ஒரு மூச்சு விட்டார். கோமுஸை மடியில் சாய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கைக் கையால் ஒதுக்கினார்.

"தங்கச்சி, நீ எந்தப் பாட்டக் கேக்க வந்த?"

"'கடைசி பஸ்', பாய்கே."

"அது வேண்டாம். அதுக்கு வாயசைச்சு வாயசைச்சு எனக்கே அது யாரோ பாடுன பாட்டாயிடுச்சு. புதுசு ஒண்ணு எழுதியிருக்கேன். வீட்டுலகூட யாரும் கேட்டதில்ல. பாடட்டுமா?"

கெரெஸுக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டது இதற்காகவா? ஆனாலும் "பாடுங்க" என்றாள். கை நிறையச் சப்பானை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

அவர் ஆரம்பித்தார். கேசட்டில் இருந்த குரல் அல்ல அது. தேய்ந்து, கரகரத்து, மேலே போக வேண்டிய இடத்தில் எட்டாமல் விழுந்து, அங்கிருந்து வேறு வழியாக எழுந்து வந்தது. ஊருக்குத் திரும்பி வருகிற ஒருவனைப் பற்றிய பாட்டு. எல்லோரும் அவனைக் கட்டிப்பிடிக்கிறார்கள், எல்லோரும் அவனை எனக்குத் தெரியும் என்கிறார்கள், நாய் மட்டும் இவன் யாரென்று தெரியாது என்று குரைக்கிறது. அவன் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒருத்தன்தான் நிஜம் சொன்னாய் என்கிறான்.

முதல் அடிக்கே மண்டபத்தில் சலசலப்பு. கூடப் பாட யாருக்கும் வார்த்தை தெரியவில்லை. கூடப் பாட முடியாத பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே முற்றத்து விருந்துக் கூடாரத்தில் குதிரைக்கறி ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்கள் விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பது வயதையும் பதவியையும் பொறுத்தது. பிந்தி வந்தவன் எலும்பைப் பிந்தாதவன் கடித்துவிடுவான். கலெக்டர் எழுந்தார். அவர் எழுந்ததும் வரிசை வரிசையாக எழுந்தார்கள். மல்யுத்த வீரர்கள் குனிந்தபடி மரியாதையாக ஓடினார்கள். ஊல்ஜானை அவள் கணவர் இழுத்துக்கொண்டு போனார். அவள் கதவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ரிஸ்பெக்கும் போய்விட்டார்.

சாமுதின் யாரையும் பார்க்கவில்லை. மண்டபம் காலியாகக் காலியாக அவருடைய குரல் தெளிந்தது. வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது கெரெஸுக்குக் கேட்டது. கேசட்டில் அந்த மூச்சைக் கத்தரித்திருப்பார்கள் போலிருக்கிறது. விரல் நரம்பில் உரசுவது கேட்டது. இந்த மனிதர் நிஜமாகவே இருக்கிறார். பாடுகிறார். இப்போது, இங்கே, கொஞ்சம் சுரம் தப்பி. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. கண் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாட்டு முடிந்தபோது கை தட்டவும் அவளிடம் கை இல்லை. சாமுதின் எழுந்து கோமுஸை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"நடுவுல ஒரு எடத்துல விழுந்துட்டீங்க, பாய்கே."

"ரெண்டு எடத்துல" என்று அவர் சிரித்தார். "வா, கறி ஆறிடும்." கலெக்டரின் நீலச் சப்பானை இழுத்து விட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்.

எட்டுச் சப்பான்களின் மேல் தாடையை அழுத்திக்கொண்டு கெரெஸ் படியிறங்கினாள். முன்வரிசையில் ஓர் ஆள் மிச்சமிருந்தது. திட்டி முடிக்காமல் பாத்மாகான் ஷார்ஷேனோவ்னா எங்கேயும் போகிற வழக்கமில்லை.

"நான் எழுதுன வாழ்த்துரை எங்க?"

"சட்டைக் கைக்குள்ள இருக்கு, பாத்மாகான் ஷார்ஷேனோவ்னா."

"நாளைக்குக் காலைல விளக்கம் எழுதி என் மேஜைல வெக்கணும்."

"என்னன்னு எழுதறது?"

"பள்ளிக்கூடத்து மரியாதைய ஊர் முன்னால உரிச்சேன்னு எழுது. கீழ கையெழுத்துப் போடு." அவர் விறுவிறுவென்று நடந்தார். கெரெஸ் சப்பான் குவியலுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி பின்னால் போனாள். முற்றம் முழுக்கக் குழம்பு வாசனை. கூடாரத்திலிருந்து சிரிப்புச் சத்தம். "எனக்குன்னு வெச்ச வால் எலும்பு இந்நேரம் எவ வாயில இருக்கோ!" என்றார் தலைமையாசிரியை.

பிறகு பாத்மாகான் ஷார்ஷேனோவ்னா மூச்சுக்குள் ஏதோ முனகிக்கொண்டு வந்தார். வசவு என்றுதான் கெரெஸ் முதலில் நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டால், நாயின் பக்கத்தில் உட்காருகிற அந்த அடி.

"அந்த எடத்துல மேல ஏறாது. கீழ எறங்கும்" என்றாள் கெரெஸ்.

"நீ வாய மூடு. இன்னிக்கு நீ பேசுனது போதும்."

நாலு எட்டு நடந்ததும் தலைமையாசிரியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை கீழே இறங்கினார்.